வலப்பக்கத்து வெள்ளைக் கல்

சுழலும் கல்லில் கத்தி படும்போது வருகிற சத்தம் ஒன்றல்ல, இரண்டு. இதை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். என் வயதுக்காரர்களான நீங்களாவது நம்புவீர்கள். சொரசொரப்பான கல்லில் பட்டால் தொண்டை கட்டிய ஆள் யாரையோ திட்டுவதுபோல இருக்கும். மழமழப்பான கல்லில் பட்டால், மிளகாய் கடித்துவிட்ட குழந்தை மூச்சை உள்ளே இழுக்குமே, அப்படி நீளமாக வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்தக் கல் ஓடுகிறது என்று என்னால் சொல்ல முடியும். ஒரே ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொண்ட வித்தை. அதன் பிறகு அதற்கு எந்த உபயோகமும் ஏற்படவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மா பிரசவத்துக்கு உப்பிலியபுரம் போயிருந்தாள். அங்கே ஏற்கெனவே கூட்டம் என்று என்னை மட்டும் திருச்சியில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. வீட்டின் முன்னறைதான் சாணை பிடிக்கும் கடை. மொட்டை மாடிக்குப் போனால் மலைக்கோட்டை தலைக்கு மேலேயே நிற்கும். வெயில் காலத்தில் அந்தப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் எங்கள் மீது ஊதும்.

கடையில் இருந்த இயந்திரத்தைப் பார்த்த முதல் நாளே எனக்கு ஆயிரம் கேள்விகள். கனமான பலகை மேசை. அதன் மேல் திருகி முடுக்கிய மின்சார மோட்டார். மோட்டாரின் இரண்டு பக்கமும் இரண்டு வட்டக் கற்கள், யானையின் காதுகள் மாதிரி. இடப்பக்கத்துக் கல் கருஞ்சாம்பல். வலப்பக்கத்துக் கல் வெள்ளை. நின்றுகொண்டிருக்கும்போது தொட்டுப் பார்த்திருக்கிறேன். கருப்புக் கல் கல்லுப்பு மாதிரி உறுத்தும். வெள்ளைக் கல் பூனையின் நாக்கு மாதிரி. மேசை ஓரத்தில் தண்ணீர் நிரம்பிய ஒரு பிஸ்கட் டின். கத்தி சூடேறினால் அதில் முக்க வேண்டும். முக்காமல் விட்டால் விளிம்பு நீலமாகிவிடும், நீலமானால் இரும்பின் பதம் போய்விடும் என்றார் பெரியப்பா.

காலையில் அவர் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு மரப்பிடியால் இரண்டு கற்களையும் தட்டிப் பார்ப்பார். 'டிங்' என்று சின்ன மணி மாதிரி கேட்டால் கல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பக்கவாட்டில் தோல் தைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போடுவார். மோட்டார் முதலில் முனகும், பிறகு பாடும். பொறிகள் வாலாகப் பறந்து அவருடைய முன்கையில் விழும். சுடவில்லையா என்று கேட்டேன்.

"கையை நீட்டிப் பாரு."

நீட்டினேன். பொறி கூச்சம்தான் காட்டியது. நெருப்பு எப்படிச் சுடாமல் இருக்கும் என்று அன்று முழுதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு எத்தனையோ பேர் வந்தாலும் முக்கியமான வாடிக்கைக்காரர்கள் இருவர். ஒருவர் ஸ்ரீரங்கத்துத் தளிகைக்காரர். கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர். காலையில் காவிரியில் குளித்து, நெற்றியில் திருமண் காயும் முன்பே டவுன் பஸ் ஏறி, சாக்குப் பையில் அரிவாள்மனைகளோடு வந்துவிடுவார். மற்றவர் கறிக்கடை பாய். மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருவார். ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் வராதபடி பெரியப்பா பார்த்துக்கொண்டார்.

காரணம், கற்கள். பல வருஷங்களுக்கு முன்பு தளிகைக்காரர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்: மாமிசம் அறுத்த கத்தி பட்ட கல்லில் தன் கத்தி படக்கூடாது. பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளைக் கல் தளிகைக்காரருக்கு மட்டும். ஊரில் மற்ற எல்லாருக்கும் கருப்புக் கல்.

இதில் ஏதோ சரியில்லை என்று எனக்கே தோன்றியது. கருப்புக் கல் இரும்பைத் தின்னும். ஓட்டை உடைசலைச் சீக்கிரம் சரிசெய்யும். ஆனால் விளிம்பில் பிசிறு விட்டுவிடும். வெள்ளைக் கல் அந்தப் பிசிறை எடுத்து வழவழப்பாக்கும். ஆக, எந்தக் கத்திக்கும் இரண்டும் வேண்டும். அப்படியிருக்க, பாயின் கத்திகள் எப்படிப் பிசிறில்லாமல் திரும்பிப் போகின்றன?

ஒரு மத்தியானம் விடை கிடைத்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தடவிய ஒரு கையகலக் கல்லில் பாயின் கத்தியை இழைத்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள்.

"வெள்ளைக் கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சு போச்சு. உங்க பெரியப்பா மாட்டாரு. வாக்காம் வாக்கு."

"தளிகை மாமாவுக்குத் தெரியவா போகுது?"

"அதத்தான் நானும் கேட்டேன். சாப்பாட்டுத் தட்ட வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு."

தளிகைக்காரரின் கதையும் அதேபோலத்தான். பூசணிக்காயும் சேனையும் பார்த்து முனை உடைந்த அவருடைய அரிவாள்மனைகளைக் கருப்புக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். பெரியப்பா அவற்றை அந்த மெல்லிய வெள்ளைக் கல்லிலேயே அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். கல் அலறும். பிஸ்கட் டின்னில் தண்ணீர் கொதிக்கும். அவருடைய தாடை இறுகியிருக்கும்.

தளிகைக்காரருக்கு என் கேள்விகள் பிடிக்கும். ஒருநாள், "இதுலதான் காய் நறுக்குவீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"நறுக்கறதுன்னு சொல்லப்படாது கொழந்தே. பெருமாளுக்குப் போறதோன்னோ? திருத்தறதுன்னு சொல்லணும். காய் திருத்தறது."

எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. மத்தியானம் பாய் வந்ததும், "நீங்க ஆட்டைத் திருத்துவீங்களா?" என்று கேட்டேன். பாய் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"திருந்தாத ஆடு ஒண்ணு இருக்கு, என் மச்சான். அவனக் கூட்டியாரேன், உங்க பெரியப்பாகிட்ட சொல்லு."

வைகாசியில் முகூர்த்தங்கள் குவிந்தன. அந்த வருஷம் பக்ரீத் பண்டிகையும் வைகாசியிலேயே வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். தளிகைக்காரர் தம்மிடமிருந்த அத்தனை அரிவாள்மனைகளையும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். முகூர்த்தமும் பக்ரீத்தும் ஒரே நாள். அதற்கு முந்தின நாள் காலையில் பாயும் வந்துவிட்டார். குர்பானிக் கத்திகளைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். பெரியப்பா அவரை ஓர் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு வெள்ளைக் கல்லில் அரிவாள்மனை ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அன்று காலை அவர் கற்களைத் தட்டிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் மாடியில் இருந்தேன். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓடி இறங்கி வந்தபோது மோட்டார் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தில் கல் இல்லை. சுவரில் ஒரு துண்டு பதிந்திருந்தது. பெரியப்பா தரையில் உட்கார்ந்து, தன் வலது முன்கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுவில் வளைந்திருந்தது.

பாய்தான் முதலில் அசைந்தார். ஸ்விட்சை அணைத்தார். தன் தோள் துண்டைக் கிழித்துக் கட்டினார். பெரியப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி, சந்து முனையில் நின்ற குதிரை வண்டியில் ஏற்றினார். பெரியம்மா செருப்பில்லாமல் பின்னால் ஏறிக்கொண்டாள். பக்கத்துக் கடைத் தையல்காரர் என்னைத் தன் கடையில் உட்காரவைத்து ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மத்தியானம் பெரியம்மாவும் பாயும் திரும்பி வந்தார்கள். எலும்பு முறிந்திருக்கிறது, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, தையல்காரர் துணைக்கு இருக்கிறார். பாயின் சட்டை முழுக்கப் பெரியப்பாவின் ரத்தம். வழக்கமாக அவர் சட்டையில் இருக்கும் ரத்தத்துக்கும் இதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

"நீங்க ஏன் பெரியம்மா வந்துட்டீங்க?"

"உங்க பெரியப்பா விரட்டி விட்டாரு. 'ரெண்டு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், நீ போ'ன்னாரு."

அப்போதுதான் தளிகைக்காரர் வாசலில் வந்து நின்றார். சந்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது.

"அவருக்கு எப்படி இருக்கு?"

பெரியம்மா சொன்னாள். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு தரையில் கிடந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தார். மூலையில் மழுங்கலாகவே கிடந்த அரிவாள்மனைகளைப் பார்த்தார்.

"நாளைக்கு முகூர்த்தம். வாழைக்காயும் பூசணியும் மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கா. இதை வெச்சிண்டு நான் என்ன பண்றது?"

"எனக்கும் நாளைக்குத்தான் சாமி," என்றார் பாய். "மழுங்கின கத்திய ஆட்டுக் கழுத்துல வெக்கக்கூடாது. அதுக்கு வலிக்கும். எங்களுக்குப் பாவம்."

அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பேசியபின் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பெரியம்மா மேசையருகே போனாள். மரப்பிடியால் கருப்புக் கல்லைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். 'டிங்' என்றது. பெரியப்பாவின் கண்ணாடியை எடுத்து, கொண்டைக்குப் பின்னால் இழுத்துக் கட்டினாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"சாமி, இருக்கறது இந்த ஒரு கல்லுதான்."

தளிகைக்காரர் பின்னால் ஓர் அடி வைத்தார். "அது எப்படிம்மா? அதுல..."

"தெரியும். இருங்க."

மேசையின் கீழிருந்து ஒரு கம்பியை எடுத்தாள். அதன் முனையில் பற்கள் கொண்ட சின்னச் சக்கரங்கள் வரிசையாக இருந்தன. கல்லின் முகம் மழுங்கினால் சீவி எடுப்பதற்கான கருவி. ஸ்விட்சைப் போட்டு, இரண்டு கைகளாலும் அந்தக் கம்பியைச் சுழலும் கல்லின் மேல் அழுத்தினாள். காதைப் பிளக்கிற சத்தம். கருப்புப் புழுதி அவள் முகத்தில், கையில், மூக்குத்தியில் படிந்தது. கல்லின் தோல் மாவாக உதிர்ந்து தரையில் குவிந்தது. நிறுத்தியபோது கல் கொஞ்சம் சிறுத்து, புத்தம் புதிதாக மின்னியது.

"பாருங்க சாமி. எல்லாக் கத்தியும் பட்ட தோலு, அதோ கீழ கெடக்கு. இந்தத் தோலு இப்பப் பொறந்தது. இதுல உலகத்துல எந்தக் கத்தியும் பட்டதில்ல. பட்டிருந்தாச் சொல்லுங்க."

தளிகைக்காரர் கல்லைப் பார்த்தார். புழுதியைப் பார்த்தார். கல்லுக்கு மிக அருகே குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

"பேஷ்," என்றார் மெதுவாக. "பிடியுங்கோ."

கருப்புக் கல்லில் பிடித்தால் பிசிறு இருக்குமே, அதை எடுக்க வெள்ளைக் கல் இல்லையே என்று நான் கேட்டேன். பெரியம்மா தரையிலிருந்து உடைந்த வெள்ளைக் கல்லின் ஒரு துண்டைப் பொறுக்கித் தளிகைக்காரர் கையில் கொடுத்தாள். "உங்க கல்லுதான். உடைஞ்ச பக்கம் இன்னும் புதுசு. தண்ணி தொட்டு இழைங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அவருடைய அரிவாள்மனைகள் முடிந்ததும் பாய் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, குர்பானிக் கத்தி. எனக்கும் ஒருக்காச் சீவிட்டுப் புடிங்க."

பெரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரை முறைத்தாள். பிறகு மறுபடி சீவினாள்.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன். பெரியம்மா பொறி பறக்கப் பிடித்துக் கொடுக்கக் கொடுக்க, தளிகைக்காரர் ஒரு சுவரோரமும் பாய் எதிர்ச் சுவரோரமும் உட்கார்ந்து இழைத்தார்கள். ஒருவர் வெள்ளைத் துண்டில், தண்ணீர் தொட்டு. மற்றவர் கையகலக் கல்லில், எண்ணெய் தொட்டு. பிறகு பாய் சொன்னார்:

"சாமி, இந்தப் புள்ள என்னக் கேட்டுச்சு, ஆட்டைத் திருத்துவீங்களான்னு."

தளிகைக்காரர் இழைப்பதை நிறுத்தினார். கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அவருடைய தொந்திதான் முதலில் குலுங்கியது.

பெரியப்பா வீட்டுக்கு வந்தபோது இன்னொரு செய்தி காத்திருந்தது. கல் ஏன் வெடித்தது என்பதற்குச் சந்தில் எல்லாரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. சாணைக்காரர் வாக்கை மீறி வெள்ளைக் கல்லில் கறிக்கத்தியைப் பிடித்திருக்கிறார், அதுதான் ரங்கநாதர் காட்டிவிட்டார். என்னைப் பார்க்க வந்த அப்பாகூட, "அண்ணன் ரெண்டையும் கலந்துட்டாரோ?" என்று பெரியம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார். பெரியப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்.

உத்திர வீதியில் ஒரு குறுகலான வீடு. தளிகைக்காரர் வாசலுக்கு வந்தார். பெரியப்பா உட்காரவில்லை.

"சாமி, ஊர்ல ஒண்ணு பேசிக்கறாங்க. உங்க காதுக்கும் வந்திருக்கும். அந்த வெள்ளைக் கல்லுல உங்க கத்தியத் தவிர வேற எதுவும் படல. மாதா மேல சத்தியம்."

"படலையா?"

"படல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"அந்த ஓட்டை அரிவாள்மனைய எல்லாம் முரட்டுக் கல்லுல ஒரு இழுப்பு இழுக்காம, அந்த மெல்லிசுக் கல்லுலயே வெச்சா அழுத்தினீர்?"

"வாக்குக் குடுத்தேனே சாமி."

தளிகைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மனுஷன் ஓய் நீர்! எங்கே சாணை பிடிக்கறேன்னு கல்யாணக்காரா கேட்பா. தனிக் கல்லு, சாணைக்காரர் வாக்குக் குடுத்திருக்கார்னு சொல்ல எனக்கு ஒரு பதில் வேணும். அதுக்குத்தான் கேட்டேன். நீர் சரின்னு சொன்னீர், அது போறும். நிஜமாவே அப்படிப் பண்ணிண்டிருப்பீர்னு நான் நினைக்கவே இல்லை."

பெரியப்பா நாக்கு வறண்டவர்போல எச்சில் விழுங்கினார். தளிகைக்காரர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வழக்கப்படி கையில் ஊற்றுவதற்காகச் சாய்த்தார். இரண்டு கையும் சேர்த்து ஏந்தப் பெரியப்பாவால் முடியவில்லை. ஒரு கணம் சொம்பு அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு தளிகைக்காரர் அதைப் பெரியப்பாவின் இடது கையில் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது பெரியப்பா பஸ் வேண்டாம் என்றார். அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி ஆற்றில் நடந்தோம். வைகாசிக் காவிரி முழுக்க மணல். ஓர் ஓரத்தில் மட்டும் கணுக்கால் நனைகிற அளவு நீர். பாதி ஆற்றில் பெரியப்பா மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கை வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"பாப்பா, அவரு நெசமாத்தான் சொன்னாரா? இல்ல, என் கையப் பாத்துட்டு, மனசு நோகக்கூடாதுன்னு சொன்னாரா?"

"தெரியல பெரியப்பா. திரும்பப் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

அவர் ஸ்ரீரங்கத்துப் பக்கம் திரும்பிப் பார்த்து நிஜமாகவே யோசித்தார். "வேணாம். அடுத்த தடவ கடைக்கு வரட்டும். நானே கேக்கறேன்."

அந்த வாரமே புது வெள்ளைக் கல் வந்தது. பெரியப்பாவின் வலது கை பழைய பிடிக்குத் திரும்பவே இல்லை. ஸ்விட்ச் அவர் இடது கைக்கு, கத்தி பெரியம்மாவுக்கு என்று ஆயிற்று. ஒரு பெண் பொறிக்கு முன்னால் உட்காருகிறாளே என்று சந்து நாலைந்து நாள் எட்டிப் பார்த்தது. பிறகு தன் கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் கொண்டுவந்தது.

தளிகைக்காரர் வந்த நாள், நான் ஊருக்குப் புறப்பட வேண்டிய நாள். பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாய் அப்போதும் அங்கேதான் இருந்தார். பெரியப்பா அவரை எழுந்து போகச் சொல்லவில்லை. பெரியம்மா அரிவாள்மனையை முதலில் கருப்புக் கல்லில் வைத்தாள். திட்டுகிற சத்தம். பிறகு வெள்ளைக் கல்லில். மூச்சிழுக்கிற சத்தம். சீவும் கம்பி மேசைக்குக் கீழேயே கிடந்தது. தளிகைக்காரர் அதைக் கேட்கவில்லை.

பெரியப்பா அவர் பக்கத்தில் போய் நின்றார். கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

தளிகைக்காரர் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"ஓய், இத்தனை வருஷத்துல இப்போதான் என் கத்தி கத்தியா இருக்கு!"

பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். பிறகு இடது கையை நீட்டி அடுத்த அரிவாள்மனையை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.